ஹெட்லைட் எத்தனை மணிக்குப் போட வேண்டும்?

கேள்வி கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் காரிலோ பைக்கிலோ புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறார். கார்த்திகையில் ஒரு நாள் மாலை 6.20க்கு, தூறலில், கன்னியக்கோவில் பக்கம் அவருடைய நண்பரின் காரை நிறுத்தி, ஹெட்லைட் போடாததற்கு அபராதம் எழுதியிருக்கிறார்கள். நண்பரின் கட்சி இது: முழுசாக இருட்டவில்லை, தெருவிளக்கு எரிந்தது, பார்க்கிங் லைட்டும் போட்டிருந்தேன். சட்டப்படி எத்தனை மணிக்குப் போட வேண்டும், பகலில் மழை வந்தால் போட வேண்டுமா, புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் விதி வேறா, பைக்கில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைத்துவைக்கலாமா, மார்கழிப் பனியில் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

இந்தப் பக்கம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நண்பர் விஷயம். அபராதம் சரிதான். அவர் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூட நிற்காது. ஏன் என்று பார்ப்போம்.

விளக்கு பற்றிய விதி, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 105ஆம் விதி. அதன் சாரம்: பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வண்டியும், சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆனதிலிருந்து, மறுநாள் சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும் வரை, முன்விளக்கு எரியத்தான் ஓட வேண்டும். இது முதல் பாதி. பெரும்பாலோருக்குத் தெரிந்தது இது மட்டும்தான். இரண்டாவது பாதி: எந்த நேரமாக இருந்தாலும் சரி, 155 மீட்டர் முன்னால் சாலையில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியாத அளவுக்கு வெளிச்சம் குறைந்தால், அப்போதும் விளக்கு எரிய வேண்டும். இந்த இரண்டாம் பாதிக்குக் கடிகாரமே கிடையாது. மத்தியானம் 2 மணிக்கும் அது பொருந்தும்.

ஆக, "எத்தனை மணிக்கு" என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. நம் ஊரில் சூரியன் மறையும் நேரம் வருஷத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. நவம்பர் பாதியில் 5.40 வாக்கிலேயே மறைந்துவிடும். ஜூலை முதல் வாரத்தில் 6.40 வரை இருக்கும். அப்படியானால் கார்த்திகையில் 6.10, 6.15க்குள் சட்டப்படி விளக்கு எரிய ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனியில் 7.10 வரை அவகாசம் உண்டு. உங்கள் நண்பரை 6.20க்கு நிறுத்தியது கார்த்திகையில். அதே 6.20 ஜூலை மாதமாக இருந்திருந்தால் சூரியனே மறைந்திருக்காது, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காலையிலும் இப்படித்தான். ஜனவரி கடைசியில் உதயம் 6.30ஐத் தாண்டும். விடியற்காலை 5.45க்கு ஷிப்ட் முடிந்து வருபவர், கிழக்கே கொஞ்சம் வெளுத்துவிட்டது என்று விளக்கை அணைத்தால் அது விதிமீறல்.

மறையும் நேரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தினசரித் தாளிலும் காலண்டரிலும் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்த அரை மணி அவகாசத்தைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்தி நேரம்தான் கண்ணுக்கு மிகச் சிரமமான நேரம். வானம் வெளிச்சமாக இருக்கும், தார்ச் சாலை கறுத்துப்போயிருக்கும், கண் வானத்தின் வெளிச்சத்துக்கே தன்னைச் சரிசெய்துகொள்ளும். சாம்பல் நிறக் காரும் கறுப்புச் சட்டைக்காரரும் சைக்கிளும் சாலையோடு சாலையாகக் கரைந்துபோவது அப்போதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலூர் பக்கம் வரும் வண்டிக்கு இன்னொரு சங்கடம்: வலது பக்கம் மேற்கே செக்கச்செவேல் என்று வானம், எதிரே வரும் விளக்கில்லாத பைக் ஒரு கறுப்புக் கோடு. பொழுது சாய்ந்ததும் போட்டுவிடுங்கள். பேட்டரி இறங்கிவிடுமோ என்று சிலருக்குப் பயம். இரண்டு ஹாலோஜன் பல்பும் டிம்மில் சேர்ந்து இழுப்பது 110 வாட்தான். ஓடும் வண்டியில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர் அதை அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கும்.

அடுத்து அந்த 155 மீட்டர். கணக்குப் புத்தகத்து எண் மாதிரி இருந்தாலும் இதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஊருக்குள் தெருவிளக்குக் கம்பங்கள் சுமார் 30 மீட்டர் இடைவெளியில் இருந்தால், ஐந்தாவது கம்பம் ஏறக்குறைய அந்தத் தூரம். ஐந்தாவது கம்பத்தடியில் ஓர் ஆள் நடந்தால் அவர் ஆள் என்று தெரிகிறதா, அல்லது ஏதோ அசைகிறது என்று மட்டும் தெரிகிறதா? அசைகிறது என்ற அளவில் இருந்தால் விளக்கு போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பது வினாடி சொச்சம் ஆகும். 80இல் ஏழு வினாடி.

இதை நம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும் நாளில், கிருமாம்பாக்கம் தாண்டி வயல்வெளிப் பக்கம் வரும்போது மாலை 3 மணிக்கே 100 மீட்டர் தெரியாது. புயல் வரும் நாள்களைச் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், பகல் என்பது பெயருக்குத்தான். தானேயின்போது மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் தெருவிளக்கு என்ற பேச்சே இல்லாமல் இருந்தது. இந்த மாதிரி மழையில் பகலிலும் ஹெட்லைட் கட்டாயம். வைப்பர் வேகமாக ஓட வேண்டியிருந்தால் ஹெட்லைட்டும் எரியட்டும் என்று என்னிடம் படிப்பவர்களுக்குச் சொல்வேன். அது சட்டத்தில் உள்ள வாசகம் இல்லை, ஆனால் 155 மீட்டர் கணக்கோடு பெரும்பாலும் பொருந்திவிடும்.

தெருவிளக்கு விஷயம். 105ஆம் விதி "தெருவிளக்கு இல்லாத இடத்தில்" என்று சொல்லவில்லை. "பொது இடத்தில்" என்றுதான் சொல்கிறது. புதுச்சேரி இந்திரா காந்தி சிலைச் சந்திப்பாக இருந்தாலும், பாகூர் உள்சாலையாக இருந்தாலும், நேரம் வந்துவிட்டால் விளக்கு எரிய வேண்டும். ஊருக்குள் டிம் போதும். பிரைட் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் போவது அராஜகம். ஆனால் அணைத்துவைக்க அனுமதி இல்லை.

பார்க்கிங் லைட்டும் ஹெட்லைட் ஆகாது. விதியே இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. முன்னால் 155 மீட்டருக்கு ஆளையும் வண்டியையும் காட்டும் விளக்கு ஒன்று. அது போக, பின்னால் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியும் சிவப்பு விளக்கு, 15 மீட்டரிலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்கும்படி அதன் மேல் விழும் வெள்ளை வெளிச்சம். பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் இதில் முக்கியமானதை விட்டுவிடுகிறார். புதிய கார்களில் முன்னால் பகல்நேர விளக்கு தானாக எரிகிறது. டாஷ்போர்டும் எந்நேரமும் பளிச்சென்று இருக்கிறது. ஓட்டுகிறவர் ஹெட்லைட் எரிகிறது என்றே நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலான கார்களில் பகல்நேர விளக்கு எரியும்போது பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் பஸ்காரருக்கு அந்தக் கார் வெறும் இருட்டு. உங்கள் நண்பர் கார் புதுசு என்றால் இதையும் ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முள்ளோடை எல்லையைத் தாண்டினால் விதி மாறுமா? மாறாது. புதுச்சேரி யூனியன் பிரதேசம், கடலூர் தமிழ்நாடு, ஆனால் 105ஆம் விதி மத்திய விதி. பிஒய் நம்பராக இருந்தாலும் டிஎன் 31 நம்பராக இருந்தாலும் ஒரே கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் மாறக்கூடியது ஸ்பாட்டில் கட்டி முடித்துக்கொள்ளும் தொகை. அதை அந்தந்த அரசு ஆணை போட்டு நிர்ணயிக்கும். சட்டத்தின் வரம்பைப் பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177இன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 வரை. 2019 செப்டம்பர் 1க்கு முன்னால் இது 100, 300 என்று இருந்தது. அதனால்தான் பழைய டிரைவர்கள் "நூறு ரூபாய் கேஸ்" என்று இன்னும் லேசாகப் பேசுகிறார்கள். எழுதிய சலானில் ஒப்புதல் இல்லையென்றால் எதிர்த்து முறையிட வழி உண்டு. நண்பர் விஷயத்தில் அது நேரத்துக்குப் பிடித்த கேடு.

இனி பைக். 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானாக எரிய வேண்டும். அதனால்தான் இப்போது வாங்கும் பைக்கில் ஹெட்லைட்டை அணைக்கும் பொத்தானே இல்லை. டிம், பிரைட் மட்டும் மாற்றலாம். அந்தப் புதுசில் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து செம்மண்டலம் போவதற்குள் எதிரே வருகிற பத்துப் பேராவது கையைத் தூக்கி விரல்களை மூடி மூடித் திறந்து காட்டுவார்கள்: லைட் எரியுது, லைட் எரியுது. பதிலுக்குத் தலையாட்டியே கழுத்து வலித்தவர்கள் நிறைய. சிலர் பொறுக்க முடியாமல் மெக்கானிக்கிடம் போய்த் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் வைக்கிறார்கள். வேண்டாம். அது கம்பெனி அனுமதி பெற்ற அமைப்பை மாற்றுவது. சட்டத்தின் பிரிவு 52 வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. பிரிவு 182ஏ உரிமையாளருக்கு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒரு சுவிட்சுக்காக ஜெயிலுக்கு யாரும் அனுப்பப்போவதில்லை, சரி. விபத்து நடந்து வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இந்த ஒயரைத்தான்.

2017க்கு முந்தைய பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுக்கு 105ஆம் விதி மட்டும். ஆனாலும் பகலில் டிம் போட்டு ஓட்டினால் நல்லது. பைக் ஒல்லியானது. கார்க்காரரின் முன்கண்ணாடித் தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடும். ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தால் கண் அதைத் தேடிப் பிடிக்கும். ஸ்வீடனில் 1977லேயே பகலிலும் எல்லா வண்டியும் விளக்கு எரியத்தான் ஓட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அங்கே குளிர்காலச் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் மேலே எழாது, அது அவர்கள் பாடு. நமக்கு வெயில் தாராளமாக இருந்தும் இந்த விதி வந்தது, பைக் ஒல்லியானது என்ற ஒரே காரணத்துக்காக.

இதுவரை சொன்னது போடுவதைப் பற்றி. கேட்கவில்லை என்றாலும், எப்படிப் போடுவது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 105க்கு அடுத்த விதி, 106, இதற்கு எதிர்முனை. முன்விளக்கு யார் கண்ணையும் கூசவைக்கக்கூடாது. அதற்கும் அளவு கொடுத்திருக்கிறார்கள்: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அந்தக் கண் கூசக்கூடாது. யோசித்துப் பாருங்கள், அது எதிரே வரும் டிரைவர் கண் இருக்கும் இடம்தான். அப்படிக் கூசாதபடி வெளிச்சத்தைக் கீழே தாழ்த்த டிரைவரால் முடிய வேண்டும். டிம், பிரைட் சுவிட்ச் வண்டியில் இருப்பது இதற்குத்தான்.

155 மீட்டர் தெரிய வேண்டும், 8 மீட்டரில் கூசக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி? பிரைட்டில் 155 மீட்டர் தெரியும். டிம்மில் பெரும்பாலான வண்டிகளுக்கு நல்ல வெளிச்சம் 40 முதல் 60 மீட்டர் வரைதான். எதிரே வண்டி வந்தால் டிம் போட்டே ஆக வேண்டும். ஆக மீதி இடைவெளியை வேகத்தைக் குறைத்துத்தான் சரிக்கட்ட முடியும். கணக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி. அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. நல்ல காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35. மொத்தம் 70 மீட்டர் பக்கம். டிம் காட்டுவது 60. மழைச் சாலையில் 95 மீட்டர் வரை ஆகும். அதாவது டிம் போட்டுக்கொண்டு 80இல் போகிறவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நிற்கப்போகிறார். 60இல் போனால் காய்ந்த சாலையில் 45, ஈரத்தில் 60 மீட்டர். சமாளிக்கலாம். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் சாலையில் இரவில் எதிர்வண்டி ஓயாமல் வரும் பகுதிகளில் 60க்கு மேல் போக வேண்டாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

டிம் வெளிச்சத்தில் கறுப்புச் சட்டை போட்டு நடப்பவர் 60 மீட்டரில் தெரியமாட்டார். 30 மீட்டரில் தெரிந்தால் புண்ணியம். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தச் சாலையோரம்தான் இரவெல்லாம் போகிறார்கள். தைப்பூசத்துக்கு வடலூர் பக்கம் கேட்கவே வேண்டாம். அறுவடை நாளில் சாலை ஓரத்தில் நெல்லைக் கொட்டி, சுற்றிலும் கல்லை வைத்துத் தார்ப்பாய் போட்டிருப்பார்கள். மாடுகளுக்கு மழைக்காலத்தில் தார்ச் சாலைதான் படுக்கை. இவை எதிலும் விளக்கும் இல்லை, சட்டமும் பேசாது. உங்கள் விளக்குதான் காட்ட வேண்டும்.

எதிரே வருகிறவன் டிம் அடிக்காவிட்டால்? ஒருமுறை பாஸ் லைட் அடித்து, அதாவது பிரைட்டை ஒரு கணம் மின்னவிட்டு, காட்டுங்கள். கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பதிலுக்குப் பிரைட் போட்டால் இரண்டு குருடர்கள் நேருக்கு நேர். பார்வையை இடது பக்க வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, அவன் தாண்டியதும் கண் தெளிய மூன்று வினாடி கொடுங்கள். 60இல் அந்த மூன்று வினாடி 50 மீட்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் கண்புரை ஆரம்பித்தவர்களுக்கும் அது இன்னும் கூடும். சொல்லப்போனால் பாஸ் லைட்டுக்கு நம் ஊரில் "நீ போ" என்று ஒரு அர்த்தமும் "நான் வர்றேன், நில்லு" என்று ஒரு அர்த்தமும் உண்டு. இரண்டாவதுதான் நடப்பு. நம்பி இறங்கிவிடாதீர்கள்.

டிம்மில் வைத்திருந்தும் எதிரே வருபவர்கள் உங்களுக்குப் பாஸ் லைட் அடிக்கிறார்களா? அப்படியானால் விளக்கு மேலே பார்க்கிறது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் காரின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். இதற்கென்றே பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று இருக்கிறது. டிரைவர் மட்டும் என்றால் 0; பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். கார் வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும் அது எதற்கு என்று தெரியாதவர்களை நிறையப் பார்க்கிறேன். வீட்டிலேயே சோதிக்கவும் வழி உண்டு. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் அந்த விளிம்பு கொஞ்சம் மேலே ஏறுவது இயல்பு; நம் இடதுசாரிப் போக்குவரத்தில் சாலையோரத்தில் நடப்பவரைக் காட்ட அப்படி அமைத்திருக்கிறார்கள். வலது பக்கம் ஏறினால்தான் கோளாறு. விளக்குக்குப் பின்னால் இருக்கும் மரையைத் திருகினால் சரியாகிவிடும்.

சரியாகாத கேஸ் ஒன்று உண்டு: ஹாலோஜன் பல்புக்குச் செய்த கூண்டில் எல்.ஈ.டி. பல்பு மாட்டிய வண்டி. பழைய பல்புக்குள் டிம் இழை சரியாக எந்தப் புள்ளியில் எரிய வேண்டும், அதன் அடியில் எந்தத் தகடு வெளிச்சத்தை மறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பின்னாலுள்ள கண்ணாடியை வளைத்திருக்கிறார்கள். அங்கே வேறு பல்பு போனால் வெளிச்சம் கன்னாபின்னாவென்று சிதறும். ஓட்டுகிறவருக்குத் தன் மூக்குக்கு முன்னால் பால் மாதிரி வெள்ளை வெளிச்சம், ஆகா என்று இருக்கும்; தூரத்தில் ஒன்றும் தெரியாது; எதிரே வருகிறவருக்கோ கண் போச்சு. 100 வாட் பல்பும் அப்படித்தான். கம்பெனி வைப்பது காருக்கு 60/55, பைக்குக்குப் பெரும்பாலும் 35/35 வாட். ஒயரும் ஹோல்டரும் அதற்குத்தான் தாங்கும். பம்பரில் கூடுதலாகப் பூட்டும் ஃபோகஸ் லைட்டுக்கு 111ஆம் விதியில் தடை இருக்கிறது. தனிக் காரணம் காட்டிப் பதிவு அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கினால்தான் உண்டு. முன்னால் சிவப்பு வெளிச்சம் காட்டுவதும் 108ஆம் விதிக்கு விரோதம். ஆயுத பூஜைக்குக் கட்டிய சீரியல் பல்பைக் கழற்றாமல் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். போலீஸார் நிறுத்தி ஒட்டிவிட்டால் ஒட்டிக்கொள்ளுங்கள், வம்பு வேண்டாம். ஆனால் 106ஆம் விதி கேட்பது வெளிச்சம் கீழே தாழ வேண்டும் என்பதை. பிரைட்டிலேயே போகிறவனுக்கு ஸ்டிக்கர் ஒட்டியும் பிரயோஜனம் இல்லை.

பின்விளக்குக்கு வருகிறேன். நெல்லிக்குப்பம் ஆலைக்கும் சேத்தியாத்தோப்பு ஆலைக்கும் கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் இரவில் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிராக்டரின் முன்னால் ஒற்றைக் கண் எரியும். பின்னால் டிரெய்லரில் கரும்பு இரண்டு முழம் நீட்டிக்கொண்டு, இருக்கிற சிவப்பு விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் மறைத்திருக்கும். பின்னாலிருந்து வருபவருக்கு அது அசையும் ஒரு கறுப்புச் சுவர். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் விளக்கு விதியில் விலக்கு கிடையாது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கும் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது எல்லாம் எரியும்; கரும்பு ஏற்றியபின் எரிகிறதா என்று யார் பார்ப்பது? வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பாரம் கட்டிய பிறகு, நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பின் நுனியில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரையாவது கட்டித் தொங்கவிடுங்கள்.

நிற்கும் வண்டிக்கும் விளக்கு உண்டு. 109ஆம் விதிப்படி, பைக் தவிர மற்ற வண்டிகளுக்கு முன்னால் இரு பக்கமும் வெள்ளை அல்லது மஞ்சள் பார்க்கிங் விளக்கும், பின்னால் இரு பக்கமும் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும், சாலையில் நிறுத்தியிருக்கும்போதும் அவை எரிய வேண்டும். டீ குடிக்கப் பைபாஸ் ஓரம் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகும் லாரிதான் இரவு விபத்துகளில் பெரிய வில்லன். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. விளக்கில்லாமல் நடுச்சாலையில் நின்ற கேஸ் டேங்கரில் இரவில் ஒரு கார் மோதியது. எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சத்தில் டேங்கர் தெரியவில்லை என்று சாட்சி சொன்னார். கார் டிரைவர் மேலும் பாதித் தவறு என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, முழுத் தவறும் டேங்கர் பக்கமே என்று வைத்தது. விளக்கு எரிந்ததா இல்லையா என்பது 500 ரூபாயோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. இழப்பீட்டு வழக்கில் அது லட்சக்கணக்கில் போய் நிற்கும்.

கடைசியாக மார்கழி, தைப் பனி. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் விடியற்காலையில் சில நாள் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கே தெரியாது. பனியில் பிரைட் போடுவது இயல்பாக எல்லோரும் செய்கிற தப்பு. பனித்துளியில் பட்டு அத்தனை வெளிச்சமும் உங்கள் கண்ணுக்கே திரும்பும், எதிரே வெள்ளைச் சுவர் எழும். டிம் போடுங்கள். ஃபாக் லைட் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள், பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். பின்பக்க ஃபாக் லைட் நல்ல ராத்திரியில் எரிந்தால் பின்னால் வருபவருக்குப் பிரேக் விளக்கு எது என்றே புரியாது. நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகச் சிமிட்டவிட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். நீங்கள் வலது பக்கம் திரும்பப்போகிறீர்களா, நிற்கப்போகிறீர்களா என்று சொல்ல விளக்கே மிஞ்சாது. அது நின்றுபோன வண்டிக்கு. பனி அவ்வளவு கனமாக இருந்தால் வடலூர் நான்முனைச் சந்திப்பிலோ ஏதாவது பெட்ரோல் பங்கிலோ சாலையை விட்டு முழுசாக இறங்கி நிறுத்தி, அந்த நான்கையும் அப்போது போடுங்கள். ஏழரை மணிக்குள் பெரும்பாலும் விலகிவிடும்.